வீட்டுக்காரரின் திங்கட்கிழமைகள்

கனடாவுக்கு வந்த புதிதில் எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்த பார்க்டேல் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார் என்று போன மாதம் நம் வட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்திக்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. பிறகு ஒருவர் மூட்டுவலிக்கு இஞ்சிப் பத்து போடும் காணொளி அனுப்பினார். அஞ்சலி அத்துடன் முடிந்தது. நான் குறை சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் அந்தத் தெருக்களில்தான் வளர்ந்தீர்கள், ஆனால் உங்களுக்கு வாய்த்த வீட்டுக்காரர்கள் வேறு சாதி. குளிர்காலத்தில் ஹீற்றரைக் குறைத்துவிட்டு அதைத் திருகும் பெட்டிக்குப் பூட்டும் போட்டவர்கள். கறி மணக்குது என்று கதவில் அடித்தவர்கள். அவர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதையெல்லாம் ரசித்துப் படிக்கிறேன். எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது.

முதலில் வீடு. நான் வாடகை வீடுகளின் தரத்தைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் வீட்டைப் பற்றிப் பேசாமல் மனிதரைப் பற்றிப் பேச எனக்கு வராது. இரண்டாம் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. அதன் மூலையில் இருந்த உடுப்பு அலுமாரியைப் பிரித்து, வீட்டுக்காரர் தன் கையாலேயே கட்டிய சமையலறை. அதற்கு அனுமதி இல்லை. புகை போக வழி இல்லை. தீப்பிடித்தால் இறங்கி ஓட இரண்டாவது படிக்கட்டு இல்லை. நான் பரிசோதகராக அங்கே போயிருந்தால் அன்றைக்கே மூடியிருப்பேன். மூடியிருந்தால் அம்மாவும் நானும் மாமாவும் தெருவில் நின்றிருப்போம். உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வி என்னோடு வந்தது. பதில் இன்னும் வரவில்லை.

வீட்டுக்காரர் கிரேக்கர். கட்டை உருவம், கழுத்து என்று தனியாக ஒன்று இல்லை, புருவம் மட்டும் தாராளம். இளம் வயதில் தமையன் கூப்பிட்டுக் கப்பலில் வந்து, கோப்பை கழுவி, பிறகு மாட்டிறைச்சிக் கம்பனியில் கத்தி பிடித்தவர். மனைவி, இரண்டு ஆண்பிள்ளைகள். கீழ்த்தளத்து நடையில் ஒரு மூலையில் மாதாவின் படம், முன்னால் எண்ணெய் விளக்கு. அந்த வழியால் போகும்போதெல்லாம் சிலுவைக் குறி போடுவார். குசினிக்குப் போகவும் அதே வழி என்பதால் தேநீர் குடிக்கப் போய்வர இரண்டு சிலுவை.

சனிக்கிழமை மாலையில் அவர் வீட்டுச் சப்பாத்துகள் எல்லாவற்றையும் நடையில் அடுக்கி வைத்து மினுக்குவார். ஞாயிறு கோயிலுக்குப் போகும் குடும்பத்தின் கால்கள் மினுங்க வேண்டும் என்பது அவர் சட்டம். எப்படியோ எங்கள் சப்பாத்துகளும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. அம்மா வெட்கத்தில் துடித்துப் போனார். "ஐயோ, அவ்வளவு பெரிய மனுசன் என்ர சப்பாத்தைத் தொடுறாரே! போய் வாங்கிக்கொண்டு வா, பிள்ளை." நான் போய்க் கேட்டேன். "சும்மா இரு, கூக்லா" என்றார். கூக்லா என்றால் பொம்மையாம். அந்தக் கறுப்பு மெழுகின் மணமும், அதே நேரத்தில் அவர் மனைவி வீடு முழுக்கக் காட்டும் சாம்பிராணியும் சேர்ந்து படியேறி வரும். இப்போதும் எங்காவது சப்பாத்து மெழுகு மணந்தால் எனக்குச் சாமி கும்பிடும் எண்ணம்தான் வருகிறது.

எங்களிடம் தொலைபேசி இல்லை. கீழ் நடையில் இருந்த, விரலை விட்டுச் சுற்றும் மண்ணிறத் தொலைபேசிக்குத்தான் எங்கள் அழைப்புகளும் வரும். வந்தால் வீட்டுக்காரர் சுடுநீர்க் குழாயில் கரண்டியால் தட்டுவார். சத்தம் குழாய் வழியே எங்கள் அறைக்கு ஏறும். அந்த வருடம் அம்மா அந்தச் சத்தத்துக்காகவே உயிரோடு இருந்தார் என்று சொல்லலாம். ஊரில் யுத்தம். அப்பாவைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்துச் சந்தேகத்தில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மாமா எங்களை முதலில் கனடாவுக்கு எடுத்துவிட்டார். அப்பாவுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

பங்குனி பிறந்தபோது அம்மா முடிவெடுத்தார். "பங்குனித் திங்கட்கிழமை எல்லாம் அம்மனுக்கு விரதம் பிடிக்கப் போறன். அவர் வந்து சேர வேணும்." இருட்டும்வரை பச்சைத் தண்ணீரும் இல்லை. தையல் பக்டரியில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து, விளக்கு வைத்து, பிறகுதான் மரக்கறிச் சோறு.

அதே நாட்களில் கீழ்வீட்டிலும் விரதம். இது எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், வீட்டுக்காரர் ஒருநாள் படியில் உட்கார்ந்து பாணும் ஒலிவ் காயும் மட்டும் தின்பதை அம்மா கண்டார்.

"இறைச்சிக் கம்பனியில வேலை செய்யிற மனுசன், இறைச்சி வாங்கக் காசில்லையோ? கேள் பிள்ளை."

கேட்டேன். அவருடைய ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் குறைவு. அதை அப்படியே தமிழில் தருகிறேன்; பாஸ்கா என்பது அவர்களின் ஈஸ்டர்.

"பாஸ்காவுக்கு முன்னாலே விரதம், மிஸிஸ். இறைச்சி இல்லை. முட்டை இல்லை. பால் இல்லை. மீன் இல்லை."

"பாலுமில்லையோ?" அம்மா நெஞ்சில் கை வைத்தார். "எங்கட ஐயர்மாரே பால் குடிப்பினம்!"

அதுவரை அம்மா அவரைச் சப்பாத்து மினுக்கும் கசாப்புக்காரராகத்தான் பார்த்து வந்தார். அன்றிலிருந்து சாமியார் நிலைக்கு உயர்த்திவிட்டார். நாள் முழுக்க மாட்டை வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அவித்த பயறு தின்னும் ஒரு மனிதர். "மனசை எப்பிடிக் கட்டி வைச்சிருக்கிறார் பார்" என்று மாமாவுக்கு உதாரணமும் காட்டினார். மாமா உணவகமொன்றில் இரவு வேலை செய்து, மிஞ்சிய கோழிக்கால்களை அங்கேயே முடித்துவிட்டு வருபவர். "எனக்கு மனசைக் கட்டத் தேவையில்லை அக்கா, வயித்தைக் கட்டினால் காணும்" என்றார்.

முதல் திங்கள் மாலை. அம்மா வேலையால் வந்து விளக்கு வைத்து முடிய, வீட்டுக்காரரின் மனைவி ஒரு சட்டியோடு மேலே வந்தார். விரதச் சாப்பாடு, மிஸிஸும் விரதம், ஆகையால் கொண்டுவந்தேன் என்றார். தக்காளிக் குழம்பில் குட்டை மக்கரோனி, இடையிடையே சிவந்த துண்டுகள், கறுவாப்பட்டை வாசம். அம்மா முகர்ந்து பார்த்தார். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. வாக்குக் கொடுத்தவர் சாமியார். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

"சோயாமீற்போல கிடக்கு. ஆனால் எங்கட சோயாமீற்றை விட நல்ல மெது."

சட்டியை வழித்துச் சாப்பிட்டார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவருக்கு அது தேவாமிர்தம். சட்டியைக் கழுவி, வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று பாலில்லாமல் பொங்கிய சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் வைத்துத் திருப்பி அனுப்பினார். உறவு முற்றிலும் சுமுகம்.

அந்த வார நடுவில் குழாயில் கரண்டிச் சத்தம் கேட்டது. மாமா ஓடிப் போய்ப் பேசிவிட்டு, படியில் மெதுவாக ஏறி வந்தார். அப்பாவைத் தெற்கே வேறொரு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். இனிச் சொந்தக்காரரும் போய்ப் பார்க்க முடியாது. அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

சனிக்கிழமை பின்வளவில் பொத்துப் பொத்தென்று சத்தம். அம்மா சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வீட்டுக்காரர் கைச்சட்டையை மடித்துவிட்டு, நீண்ட கால்கள் தொங்கும் எதையோ தூக்கித் தூக்கிச் சீமெந்துப் படியில் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் கால்கள் ஒருதரம் மேலே போய் விசிறியாக விரிந்து விழும். கடற்கரை ஊரில் பிறந்த அம்மாவுக்கு அது என்னவென்று சொல்ல ஆள் தேவையில்லை.

"பேய்க்கணவாய்" என்றார். ஒக்டோபஸுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, அண்டைக்கு நான் திண்டது..."

  முதல் திங்களிலேயே விரதம் உடைந்திருந்தது, அதே வாரம் அப்பாவை மாற்றியிருந்தார்கள். அம்மாவின் கணக்கில் இந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

அன்று பின்னேரம் வந்த அடுத்த சட்டியை அம்மா தொடாமல், மூடியும் திறக்காமல் திருப்பி அனுப்பினார். இடையில் பாண் வந்திருந்த பீங்கான் தட்டும் கழுவித் துடைத்து, வெறுமையாகக் கீழே போனது. எங்களைப்போலவே கிரேக்கருக்கும் வெறும் பீங்கான் ஓர் அறிக்கை என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அரை மணித்தியாலத்தில் வீட்டுக்காரர் படியில் நின்றார்.

"என்ன, கூக்லா? என்ன நடந்தது?"

நான் சொன்னேன். அவருடைய புருவம் மேலே போனது.

"ஆனால் ஒக்டோபஸ் இரத்தம் இல்லை! இரத்தம் இல்லை, விரதத்துக்குச் சரி. எங்கட சேர்ச், எங்கட தாத்தா, எல்லாரும்!"

மாமா அப்போதுதான் எழும்பி, சாரத்தைக் கட்டியபடி வெளியே வந்தார். "அப்ப இரத்தம் இல்லாட்டில் மரக்கறியோ? பூச்சி புழுவையும் மரக்கறி எண்டு தருவியளோ?" இதை நான் மொழிபெயர்த்தேன். வீட்டுக்காரர் யோசித்து, நத்தையும் விரதத்துக்குச் சரி என்று நேர்மையாகப் பதில் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார். "இதை உன்ர கொம்மாட்ட சொல்லிப் போடாதை."

ஒக்டோபஸுக்கு இரத்தம் உண்டு, அது நீல நிறம் என்று பிற்காலத்தில் படித்தேன். அதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. எந்த விதிக்கும் அடியில் தோண்டினால் இப்படி ஏதாவது ஒன்று கிடைக்கும். தோண்டாமல் விடுவதும் ஓர் அனுபவம்தான்.

மாமா அம்மாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "தெரியாமல் திண்டதுக்குத் தோசமில்லை அக்கா. அம்மனுக்கு இதெல்லாம் விளங்கும்." அம்மா கேட்கவில்லை. அழுதபடியே சொன்னார்: "அவருக்காகப் பிடிச்ச விரதம். நான் முறிச்சுப் போட்டன். இனி அவர் எங்க வரப் போறார்."

கதவருகே நின்ற வீட்டுக்காரர் "மிஸிஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டார். அது வெறும் விரதமில்லை, அப்பா திரும்பி வருவதற்காக வைத்த நேர்த்தி என்று நான் சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. தொப்பியைக் கழற்றினார். முகத்தில் இருந்த வாதமெல்லாம் இறங்கிவிட்டது. அந்த வீட்டில் இரண்டு மொழியிலும் ஆறுதல் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் அது ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். அது ஒன்றுமில்லாத விஷயம் இல்லை என்று அம்மாவோடு சேர்ந்து நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

மறுநாள் ஞாயிறு, கோயிலால் வந்தவுடன் வீட்டுக்காரர், கழுத்துப்பட்டியும் கோட்டுமாக மேலே ஏறி வந்தார். பாதிரியாரிடம் கேட்டிருக்கிறார். அவர்கள் வேறு சமயம், உனக்கு இதில் பாவமில்லை, போய்ச் சாப்பிடு என்று அவர் அனுப்பிவிட்டாராம்.

"பாதர் நல்ல மனுசன்" என்றார். "ஆனால் சின்னப் பெடியன்."

பிறகு அம்மாவைப் பார்த்துப் பேசினார், என்னை அல்ல. "சாப்பிட்டது மிஸிஸ். தந்தது நான். பாவம் என்ர. திங்கட்கிழமை நானும் வைக்கிறன். மிஸிஸ் மாதிரி. சூரியன் போகும்வரை ஒண்டும் இல்லை, தண்ணி இல்லை. ஒக்டோபஸ் இல்லை." கொஞ்சம் நிறுத்தி, கஷ்டத்தோடு சேர்த்தார். "நத்தை இல்லை."

நான் சொல்லி முடிய அம்மா தலையை ஆட்டினார். "வேண்டாம் எண்டு சொல்லு. கத்தி பிடிக்கிற மனுசன், தண்ணியில்லாமல் மயங்கி விழுந்தால்?" அவர் ஏற்கவில்லை. இது மிஸிஸிடம் வைத்த நேர்த்தி இல்லை, மாதாவிடம் வைத்தது, ஆகையால் மிஸிஸால் ரத்துச் செய்ய முடியாது என்றார். நடைமுறை தெரிந்த மனிதர். மேல்முறையீட்டுக்கு வழியே விடவில்லை.

அப்படியாக அந்தப் பங்குனியில் எங்கள் அம்மனுக்கு அம்மாவும், தன் மாதாவுக்குக் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து விரதம் பிடித்தார்கள். அம்மா பழையபடி எழும்பி நடமாடினார். கடைசித் திங்களுக்கு அவரையும் மனைவியையும் மேலே சாப்பிடக் கூப்பிடுவது என்று தீர்மானித்தார். அதில்தான் சிக்கல். இரண்டு விரதத்துக்கும் ஒவ்வாத எதுவும் இருக்கக் கூடாது. அம்மா ஒவ்வொரு பொருளாக என் கையில் கொடுத்துக் கீழே அனுப்ப, அவர் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். நெய் போனவுடனேயே திரும்பி வந்தது. பாஸ்காவுக்கு முந்திய அந்த வாரம் அவர்களுக்கு ஒலிவ் எண்ணெயும் கூடாதாம். நல்லெண்ணெய்ப் போத்தலை நெடுநேரம் மணந்து பார்த்துவிட்டு, "ஒலிவ் இல்லைத்தானே? சரி" என்றார். தேங்காய்ப்பால் பெரிய வழக்கு. பால் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் மேற்கிந்தியர் கடையில் வாங்கிய முழுத் தேங்காயைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார்.

"பசு இல்லை. மரம். சரி."

கடைசியில் பருப்பும் பூசணிக்காயும் கத்தரிக்காயும் சவ்வரிசிப் பாயாசமும் தேறின. என் உத்தியோகத்தில் இரண்டு சட்டங்களை ஒரே நேரத்தில் இவ்வளவு சுத்தமாக நிறைவேற்றிய எதையும் நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் மிளகாயில் கண்ணீர் விட்டபடி சாப்பிட்டார். அவர் மனைவி அவருடைய தண்ணீர்க் கோப்பையைத் திரும்பத் திரும்ப நிரப்பினார். அம்மா விளக்கை வணங்கிவிட்டு, "ஒருமாதிரி ஒப்பேத்திப் போட்டம்" என்றார். பங்குனி முடிந்தது.

பாஸ்கா வந்து, சிவப்பு முட்டையும் ஆட்டிறைச்சியும் கீழ்வீட்டில் மணந்தன. வெயில் காலம் வந்தது. அப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அம்மா ஓவர்டைம் செய்தார். மாமா வழக்கறிஞரிடம் அலைந்தார். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் கனவு காணத் தொடங்கினேன்.

அந்த நாட்களில் கீழ்வீட்டில் ஒரு புதுப் பழக்கம் உண்டானது. வாரத்தில் ஒருநாள் மாலையில் வீட்டுக்காரரின் மனைவி கத்துவார். பீங்கானை மேசையில் அடிப்பார். அவர் பதில் பேசுவதே கேட்காது. அது பெரும்பாலும் திங்கட்கிழமை என்பதை மாமா கண்டுபிடித்தார். "மனுசிக்குத் திங்கக்கிழமை எண்டால் பேய் பிடிக்குது." அம்மா பெருமூச்சு விடுவார். "பாவம், அந்த நல்ல மனுசனுக்கு இப்பிடி ஒரு மனுசி." நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்காரரின் மனைவியைப் படியில் கண்டால் சிரிக்காமல் ஒதுங்கிப் போனேன்.

மரங்கள் சிவக்கத் தொடங்கியபோது, ஒரு காலையில் குழாய் அதிர்ந்தது. கரண்டி இல்லை, சுத்தியலாக இருக்க வேண்டும். அப்பாவை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு கடுதாசி வேலைகள், விசா, டிக்கெட் என்று இலையெல்லாம் உதிரும்வரை இழுபட்டது. மலிந்த டிக்கெட் வார நாளில்தான் கிடைத்தது. விமான நிலையத்துக்குப் போக மாமாவிடம் கார் இல்லை. வீட்டுக்காரர் வேலைக்கு லீவு போட்டு, காரைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

அப்பா யாரோ ஒருவருடைய பெரிய கோட்டுக்குள் வந்தார். அம்மா அழவில்லை, அவருடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்று சிலுவைக் குறி போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பின்னேரம். அம்மா முதல் நாளே எல்லாம் சமைத்து வைத்திருந்தார். கோழிக் கறி, மீன் பொரியல், முட்டை, ஒன்றும் குறைவில்லை. கீழ்வீட்டாரையும் இருத்திப் பரிமாறினார். எல்லோரும் சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏன் சாப்பிடேல்லை? உறைப்போ? கேள் பிள்ளை."

"இண்டைக்குத் திங்கட்கிழமை" என்றார் அவர். "சூரியன் இன்னும் இருக்கு."

அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். அப்போது அவருடைய மனைவி கரண்டியை மேசையில் போட்டார். கீழே நாங்கள் இத்தனை மாதமாகக் கேட்ட அதே குரலில், ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் இந்த மனுசன் பட்டினி! வெயிலில், வேலையில், தண்ணீர்கூட இல்லாமல்! இரண்டுமுறை கம்பனியில் மயங்கி விழுந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பாஸ்காவுக்கு அடுத்த திங்களும் சாப்பிடவில்லை. அன்றைக்கு விரதம் இருப்பது எங்கள் சேர்ச்சில் பாவம், தெரியுமா! நான் கத்தினால், மிஸிஸுடைய மிஸ்டர் இன்னும் வரவில்லை என்கிறார்!

நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா பரிமாறுவதை நிறுத்தினார். பங்குனித் திங்கள் என்றால் பங்குனியோடு முடிவது. அது எங்களுக்கு நாள் கிழமை தெரிவதுபோலத் தெரியும். அதை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவே சித்திரையில் மறந்துவிட்ட நேர்த்தியைக் கீழே ஒருவர் கார்த்திகை வரை தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார், தன் கோயிலின் கட்டளையையும் ஒருநாள் மீறி.

வீட்டுக்காரர் மனைவியைக் கவனிக்கவில்லை. அவருக்கு வேறு சந்தேகம் இருந்தது. அப்பாவைச் சுட்டிக்காட்டி அம்மாவிடம் கேட்டார்.

"மிஸ்டர் வந்திட்டார். முடிஞ்சுதோ? நான் இப்ப சாப்பிடலாமோ?"

அம்மா கோழிக் கறிச் சட்டியை எடுத்து, அவருடைய பீங்கானில் பாதியைக் கவிழ்த்தார். அவர் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். பேசாமல், நிமிராமல், எலும்பைக் கடித்து, விரலைச் சூப்பிச் சாப்பிட்டார். அம்மா பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒன்றும் தெரியாத அப்பா தன்னைக் காரில் ஏற்றி வந்த இந்தப் புது மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகாமில் கிடந்து பசி என்றால் என்னவென்று படித்து வந்தவர் அவர். தன் பீங்கானில் இருந்த பொரித்த மீனை எடுத்து அவருடைய பீங்கானில் வைத்துவிட்டு, மெதுவாக அம்மாவிடம் கேட்டார்.

"பாவம், ஆரப்பா உவர்? வீட்டில ஒண்டும் குடுக்கிறேல்லையோ?"

அம்மா சிரித்தார். கையில் அகப்பையோடு, கண்ணைத் துடைக்க முடியாமல், நான் மறந்தே போயிருந்த பழைய சத்தத்தில் சிரித்தார்.